இளவெயிலும் ஈரல் எண்ணெயும்

எங்கள் தெருவில் பிள்ளை பிறந்த வீடு எது என்பது காலையிலேயே தெரிந்துவிடும். முற்றத்தில் பாய் விரித்து, காலை நீட்டி உட்கார்ந்து, நல்லெண்ணெய் பூசிய பச்சைப்பிள்ளையைக் காலின்மேல் குப்புறக் கிடத்தி அம்மம்மா இளவெயில் காட்டுவார். உள்ளே தாய்க்குச் சரக்குக்கறியும் சுறா வறையும். அப்படி வளர்ந்தவள்தான் நான். பிறகு திருகோணமலையில் முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தேன்.

திருக்கடலூர்க் கரையில் இன்னொரு எண்ணெய் இருந்தது. சுறா ஈரலை உருக்கி எடுத்து, வள்ளத்துப் பலகைக்குப் பூசுவார்கள். கையில் பட்டால் மூன்று நாளைக்கு மணம் போகாது.

நோர்வேயில் கொட் மீனின் ஈரலில் எடுத்த எண்ணெயைப் பிள்ளைகளுக்குக் கரண்டியால் பருக்கினார்கள். கால் வளைந்த பிள்ளைகள் அதனால் தேறினார்கள், காரணம் தெரியாது. 1919இல் இங்கிலாந்தில் எட்வர்ட் மெலன்பி நாய்க்குட்டிகளை உள்ளே அடைத்து வளர்த்து, கால் வளையும் அந்த நோயை, ரிக்கெட்ஸை, வரவைத்தார். மீனெண்ணெய் கொடுத்தவற்றுக்கு அது வரவில்லை. அதே காலத்தில் பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி வெறும் பாதரச விளக்கொளியில் பிள்ளைகளைக் குணமாக்கினார். 1922இல் அமெரிக்காவில் மக்கொலம் மீனெண்ணெயைச் சூடாக்கிக் காற்றைச் செலுத்தி, அதிலிருந்த விற்றமின் ஏயை அழித்தார். கண்நோயைத் தீர்க்கும் சக்தி போயிற்று; எலும்பைக் காக்கும் சக்தி அப்படியே நின்றது. ஏ, பி, சி மூன்றும் ஏற்கெனவே பெயராகிவிட்டதால் புதியது டி ஆனது. வகுப்பில் இந்த இடம் வரும்போது நான் சோக்கட்டியைக் கீழே வைத்துவிடுவேன். எண்ணெய்க்குள் இருப்பதையே வெயில் நம் தோலுக்குள் உண்டாக்குகிறது என்பதைப் பிள்ளைகள் ஒரு நிமிடம் யோசிக்கவேண்டும்.

ஆனால் அம்மம்மாவின் இளவெயிலில் அதற்கு வேண்டிய ஊதாகடந்த கதிர் மிகக் குறைவு. சூரியன் நன்றாக ஏறிய பிறகுதான் அது போதிய அளவு வரும். இதைப் படித்தபோது எனக்கு மனம் நொந்தது. ஆனாலும் அந்தப் பாயை நான் பழிக்கமாட்டேன்.

தங்கச்சி 1988இல் நோர்வே போனாள். முதல் வேலை வடகோடியில், மீன் வெட்டும் தொழிற்சாலையில். பிறகு ஒஸ்லோ. மாரி வந்தால் தொலைபேசியில், "எலும்பெல்லாம் உளையுது அக்கா" என்பாள். இடுப்பெலும்பு முறிவு உலகில் மிக அதிகமாகப் பதிவான நகரங்களில் ஒஸ்லோவும் ஒன்று. அந்த முறிவுகளை நெடுங்காலம் ஆராய்ந்தவர் ஹோக்கோன் மேயர். அவரும் கிறிஸ்டின் ஹொல்விக் முதலானோரும், பேராதனை மருத்துவபீடத்துத் தென்னக்கோனோடு சேர்ந்து, கண்டியிலும் ஒஸ்லோவிலும் வாழும் இலங்கையரின் இரத்தத்தைச் சோதித்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். கண்டியில் விற்றமின் டியின் சராசரி லீற்றருக்கு 54 நானோமோல். ஒஸ்லோவில் 32க்கும் குறைவு. ஒரே நாட்டு மக்கள், ஒரே தோல். அந்தத் தோலின் கறுப்பு நம் வெயிலுக்கு அமைந்த காப்பு; அங்கே அரிதாகக் கிடைக்கும் வெயிலையும் அது மறித்துவிடுகிறது. மாரியில் பல மாதம் அந்த ஊதாகடந்த கதிர் ஒஸ்லோவின் நிலத்தைப் போதிய அளவு எட்டுவதேயில்லை.

இப்போது தங்கச்சி தினமும் ஒரு கரண்டி "திரான்" குடிக்கிறாள். கொட் ஈரல் எண்ணெய்க்கு அவர்கள் சொல்லும் பெயர் அது. போன ஆடியில் வந்தபோது எனக்கும் ஒரு போத்தல் கொண்டுவந்தாள். மூடியைத் திறந்தேன், திருக்கடலூர் வள்ளத்தின் மணம், கொஞ்சம் எலுமிச்சையோடு.

மறுநாள் பதினொரு மணிக்கு அவள் வாசற்படியில் சட்டைக்கையை மடித்துவிட்டு, வெயிலுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டார்: "கறுத்துப் போவாய் பிள்ளை, உள்ள வா."

நான் போய்த் தங்கச்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.