ஏற்றத்தின் கணக்கு

நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்குச் சுமையேற்றிய சைக்கிளைத் தள்ளிச் செல்பவன் பௌதிகத்தின் ஓர் உண்மையைத் தன் தோள்களால் அறிவான். பாதை வளைந்து சென்றால் ஒவ்வோர் அடிக்கும் வேண்டிய விசை குறையும். சுமையை உயர்த்தும் மொத்த வேலையோ குறையாது. ஏறத்தாழ 250 மீற்றர் உயரத்துக்குரிய உழைப்பை யாரேனும் ஒருவர் கொடுத்தே தீரவேண்டும்.

மலையகத்தின் வரலாறும் இக்கணக்கேயாகும். கண்டிக்குப் புகைவண்டி வந்தது 1867இல்; நானுஓயாவுக்கு வந்தது 1885இல். அதற்கு முன்பே கோப்பித் தோட்டங்கள் காடுகளை விழுங்கிவிட்டன. அரிசி மூட்டைகள் எவ்வாறு மலையேறின? பாதையுள்ளவரை மாட்டு வண்டியில். அதற்கப்பால் மனிதத் தலையில். மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே நடந்து வந்த தமிழ்த் தொழிலாளரின் தலை அது. வழியிலேயே மடிந்தோர் பலர். பின்னர் தேயிலை வந்தது. கொழுந்து இறாத்தலில் நிறுக்கப்பட்டது. அதைச் சுமந்து ஏறிய உயரம் அளக்கப்படவில்லை.

இவ்வுழைப்பின் கடனை நாடு தீர்த்த விதம் யாது? 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. ஐம்பத்தைந்து ஆண்டு நீண்ட அந்த ஏற்றத்தையும் அவர்கள் நடந்தே ஏறினர். இன்றும் பலருக்குச் சொந்த நிலமில்லை; லயன் அறையே வீடு. சுமையை உயர்த்தியவன் மட்டும் அடிவாரத்திலேயே நிற்பதா? விடை கூறவேண்டியவர் நாமே.