செவியும் சான்றும்

மெல்லிய மின்னலையைப் பெருக்கி ஸ்பீக்கரை முழங்கச் செய்வது அம்பிளிபையர் என்னும் கருவி. ஒன்றின் ஒலி இனியது என்றும் மற்றொன்றின் ஒலி வறண்டது என்றும் இசையன்பர்கள் நெடுங்காலமாக வாதிட்டு வருகின்றனர். இவ்வேறுபாடு கருவியில் உள்ளதா, கேட்பவர் மனத்தில் உள்ளதா? இவ்வினாவுக்கு விடை தேடிய வரலாறு சுவையானது, படிப்பினையும் உடையது.

மின்சாரப் பெருக்கம் இசைத்தட்டுக் கருவிகளுக்கு வருமுன்னரே இத்தகைய சோதனை தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் 1915ஆம் ஆண்டு முதல் எடிசனின் நிறுவனம் ஊர் ஊராக மேடை அமைத்தது. பாடகர் தம் இசைத்தட்டின் அருகே நின்று பாடுவார், இடையில் வாய் மூடுவார், விளக்குகளும் அணைக்கப்படும். எது குரல், எது தட்டு என்று அவையோருக்குத் தெரியவில்லை என விளம்பரம் செய்யப்பட்டது. ஆனால், அம்மேடைகளில் பாடிய அன்னா கேஸ் அம்மையார், இயந்திரத்தின் ஒலிக்கு இணங்கத் தம் குரலையே அமைத்துக்கொண்டதாகப் பிற்காலத்தில் கூறினார். இருள் மட்டும் நடுநிலையைத் தந்துவிடாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

பின்னர் வந்த வால்வு அம்பிளிபையர்கள் ஒலியைப் பெருக்கியதோடு திரிக்கவும் செய்தன. 1927 ஆகஸ்ட் 2ஆம் நாள், தொலைபேசிப் பொறியியலாளர் ஹரோல்ட் பிளாக், ஹட்சன் ஆற்றைப் படகில் கடக்கையில் இதற்கொரு வழி கண்டு, கையிலிருந்த செய்தித்தாளிலேயே குறித்துக்கொண்டார். வெளிவரும் அலையின் ஒரு பகுதியை எதிர்முகமாக உள்ளே திருப்பினால் திரிபு குறையும் என்பதே அவ்வழி. 1947இல் பிரித்தானியரான வில்லியம்சன் இம்முறையைக் கையாண்டு, 15 வாற்று வலுவிலும் திரிபு நூற்றுக்கு 0.1 பங்கைத் தாண்டாத அமைப்பொன்றை ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில் வெளியிட்டார்.

வால்வின் இடத்தைத் திரான்சிற்றர் பற்றியபோது பூசல் புதிதாக மூண்டது. ‘குவாட்’ கருவிகளை ஆக்கிய பீற்றர் வாக்கர், நல்ல அம்பிளிபையர் ஒலியில் எதையும் கூட்டாது, குறைக்காது என்னும் கொள்கையினர். 1953இல் வந்த தம் வால்வுக் கருவியையும், 1967இலும் 1975இலும் வந்த திரான்சிற்றர்க் கருவிகளையும் ஒப்பிடும் சோதனைக்கு 1978இல் அவர் இணங்கினார். ஜேம்ஸ் மொயர் என்னும் பொறியியலாளர் அதனை நடத்தினார். பழையதும் புதியதும் ஒன்றேபோல் ஒலித்தால், புதியதை வாங்குவோர் ஏன் வாங்க வேண்டும் எனக் கேட்கலாம். அவ்விடரையும் வாக்கர் ஏற்றார். ஒலியின் அளவு சமமாக்கப்பட்டது, பெயர்கள் மறைக்கப்பட்டன. தேர்ந்த செவியினர் கூறிய விடைகள், காசைச் சுண்டிப் பார்த்துக் கூறியவற்றினும் மேம்படவில்லை.

1987இல் ‘ஸ்டீரியோ ரிவியூ’ என்னும் அமெரிக்க இதழ், ஏறத்தாழ 200 டொலர் கருவி முதல் 12,000 டொலர் கருவி வரை இவ்வாறே சோதித்தது. வேறுபாடு உண்டு என்போரும் இல்லை என்போரும் கலந்துகொண்டனர். சரியான விடைகள் பாதியளவே இருந்தன.

இதனால் எல்லா அம்பிளிபையர்களும் ஒன்றே என்று முடிவுகட்டலாகாது. வலுவுக்கு மீறி முழக்கினால் ஒலி சிதையும். ஸ்பீக்கரின் மின்தடை சுருதிக்குச் சுருதி மாறுவதால், சில வால்வுக் கருவிகளில் ஒலியின் சாயலும் மாறும். இவை அளந்து காணத்தக்க வேறுபாடுகள். ஆயின், சிறிதளவு உரத்து ஒலிப்பதைச் செவி ‘உரப்பு’ என்று உணராது; ‘இனிமை’ என்று கொள்ளும். விலையும் பெயரும் கண்ணுக்குப் புலப்பட்டால், அவையும் இசையோடு சேர்ந்து ஒலிக்கும்.

செவி பொய்யான சாட்சியன்று. ஆனால் எந்தச் சாட்சியையும் போல, விடையை முன்கூட்டி அறியாதபோதே அதன் வாக்கு மதிப்புப் பெறுகின்றது. வாக்கர் தம் சொந்தக் கருவிகளையே அத்தகைய விசாரணைக்கு நிறுத்தினார் என்பதே இவ்வரலாற்றில் நினைவிற் கொள்ளத்தக்கது.