டம்டம்மில் தடவிய கொழுப்பு

மாற்றல் உத்தரவோடு கல்கத்தா வரும் பலரையும் போல நானும் முதலில் கால் வைத்தது டம்டம்மில்தான். விமான நிலையம் அங்கேதானே இருக்கிறது. ஜாதவ்பூரில் வீடு பார்த்துக் குடியேறிய பிறகுதான், பள்ளியில் படித்த 1857 கலகத்தின் முதல் பொறி அந்த டம்டம்மில் விழுந்தது என்பது உறைத்தது. பரீட்சையில் 'பசுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு' என்று எழுதி மார்க் வாங்கியிருப்போம். ஆனால் துப்பாக்கிக் குண்டுக்கு எதற்குங்க கொழுப்பு? காமர்ஸ் படித்தவனுக்கு இது விளங்கக் கொஞ்ச நாள் ஆயிற்று :-)

எல்லாம் அளவுக் கணக்குதான். புதிதாக வந்த என்ஃபீல்டு துப்பாக்கியின் குழல் 0.577 அங்குலம், ஈயக் குண்டு 0.568 அங்குலம். குண்டை வாய் வழியாகக் குச்சியால் இடித்து உள்ளே இறக்க வேண்டும். சில முறை சுட்டதும் வெடிமருந்துக் கரி குழலுக்குள் இறுகிக்கொள்ளும். அடுத்த குண்டு இறங்காது. அந்தக் கரியை இளக்கத்தான் தோட்டாக் காகிதத்தில் மிருகக் கொழுப்பும் தேன்மெழுகும் கலந்து பூசினார்கள். அந்தக் காகிதத்தைத்தான் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். வந்தது வினை.

எந்த மிருகத்தின் கொழுப்பு? அதை யாரும் கவனித்து வாங்கவில்லை. இத்தனைக்கும் 1853-லேயே கர்னல் டக்கர் என்ற அதிகாரி, சிப்பாய்களின் சாதி ஆசாரத்துக்குக் கொழுப்பு ஒத்துவருமா என்று பார்க்காமல் கொடுக்காதீர்கள் என்று எழுதி எச்சரித்திருந்தார். 1806-ல் நம் வேலூரில் தலைப்பாகையால் பட்ட பாடும் இருந்தது. ஃபைல் மேல் ஃபைல் விழுந்து எல்லாம் மூடிப்போனது. ஆபீஸ் வேலை பார்ப்பவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

1857 ஜனவரியில் டம்டம் ஆயுதக் கிடங்கின் கலாசி ஒருவர் பிராமணச் சிப்பாயிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டாராம். லோட்டா தீட்டாகும் என்று அவர் மறுக்க, "நீங்கள் கடிக்கப்போகும் தோட்டாவில் என்ன இருக்கிறது தெரியுமா?" என்று திருப்பிக் கேட்டாராம். விஷயம் பக்கத்துப் பாரக்பூருக்குப் பரவியது.

கம்பெனி உடனே இறங்கி வந்தது. கொழுப்பு பூசாத தோட்டா தருகிறோம், வேண்டியதை நீங்களே பூசிக்கொள்ளுங்கள் என்றது. அப்புறம், கடிக்க வேண்டாம், கையால் கிழித்தால் போதும் என்றது. யாரும் நம்பவில்லை. இப்போது காகிதத்தின் பளபளப்பின் மேலேயே சந்தேகம். மார்ச் 29-ல் பாரக்பூரில் மங்கள் பாண்டே துப்பாக்கியைத் தூக்கினார். ஏப்ரல் 8-ல் தூக்கிலிட்டார்கள். ஏப்ரல் 24-ல் மீரட்டில் 85 குதிரைவீரர்கள் தொட மறுத்தது வழக்கமான பழைய தோட்டாவை! மே 10-ல் மீரட் பற்றி எரிந்தது.

எங்கள் தொழிலில் இதைப் பார்க்கலாம். ஒரு வங்கி மேல் நம்பிக்கை போய், வாசலில் கூட்டம் கூடிவிட்டால், கணக்குப் புத்தகத்தை விரித்துக் காட்டியும் பயனில்லை. கலகத்துக்கு நிலம், சம்பளம், அவத் என்று வேறு காரணங்களும் இருந்தன. அந்தச் சந்தேகங்கள் எல்லாம் வந்து ஒட்டிக்கொள்ள ஒரு பிசுக்கு தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

பிற்பாடு குண்டை 0.55 அங்குலமாக இளைக்க வைத்து, கொழுப்பை விட்டுத் தேன்மெழுகுக்கு மாறினார்கள். முன்பே செய்திருக்கக்கூடிய காரியம். செய்யாமல் விட்டதற்குத் தமிழிலும் ஒரே சொல்தான் இருக்கிறது: கொழுப்பு!