ஃப்ளைட் ஏறினா வரி முடிஞ்சுதா? காரைக்குடி வீட்டிலிருந்து ஒரகடம் இன்வாய்ஸ் வரை

இந்த எபிசோட் வருமான வரியைப் பத்தி. உடனே ஆப்பை மூடிடாதீங்க, இதுல ஒரு நல்ல கதை இருக்கு.

ஒரகடத்துல டெய்ம்லர், ரெனோ, ராயல் என்ஃபீல்டு. இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய். இவங்களுக்குப் பார்ட்ஸ் செஞ்சு கொடுக்குற கம்பெனிகள் சுத்திச் சுத்தி. இங்க ஏழெட்டு வருஷம் பி.எல்.சி. புரோகிராமிங், கேட் டிசைன்னு வேலை பார்த்தவங்க இப்ப யோசிக்குறது வெளிநாட்டு வேலையை மட்டும் இல்ல. ஜெர்மனியில ஃப்ரீலான்ஸ் இன்ஜினியரா போகலாமா, துபாயில சொந்தமா லைசென்ஸ் எடுக்கலாமான்னும் கேக்குறாங்க. அடுத்த கேள்வி, "அப்புறம் இந்தியாவுல வரி கட்டணுமா?" வழக்கமா கிடைக்குற பதில், "182 நாள் இங்க இல்லாம பார்த்துக்கோ, போதும்." அது பாதி பதில்தான். மீதி பாதி தெரியணும்னா செட்டிநாட்டுக்குப் போகணும்.

கடை ரங்கூன்ல, வீடு காரைக்குடியில

கடல் கடந்து போய் சொந்தத் தொழில் செஞ்ச தமிழர்கள்னா முதல்ல நினைவுக்கு வர்றவங்க நகரத்தார். பர்மா, மலாயா, இலங்கைன்னு வட்டிக்கடை வெச்சாங்க. கடையைப் பார்த்துக்க ஏஜென்ட்டுகளை மூணு வருஷக் கணக்குக்கு அனுப்பினாங்க. குடும்பம் பெரும்பாலும் ஊர்லயே, பெரிய வீட்டுல.

1922-ம் வருஷ வருமான வரிச் சட்டம் அவங்களுக்குக் கொஞ்சம் சாதகமா இருந்தது. வெளிநாட்டுல சம்பாதிச்ச வியாபார லாபத்தை மூணு வருஷத்துக்குள்ள பிரிட்டிஷ் இந்தியாவுக்குக் கொண்டுவந்தா வரி. கொண்டுவராம அங்கேயே சுத்த விட்டா வரி இல்லை.

ரெண்டு விஷயம் இதை மாத்துச்சு. 1937 ஏப்ரல் 1 அன்னிக்கு பர்மா இந்தியாவிலிருந்து தனியா பிரிஞ்சது. கடை அதே ரங்கூன் தெருவுலதான் இருந்தது, ஆனா அது வெளிநாட்டுக் கடை ஆயிடுச்சு. அப்புறம் 1939 திருத்தம். இந்தியாவில் வசிப்பவர்னு கணக்கானா, வெளிநாட்டு லாபத்தைக் கொண்டுவந்தாலும் கொண்டுவராட்டியும் வரி. கொண்டுவராத தொகையில 4,500 ரூபாய்க்கு மட்டும் விலக்கு.

அப்ப யாரு "வசிப்பவர்"? 182 நாள் இங்க இருந்தவர்னு ஒரு விதி. நமக்கு இன்னிக்கும் பழக்கமான எண் அது. இன்னொரு விதிதான் செட்டியார்களைக் குறிபார்த்த மாதிரி இருந்தது: இங்க உங்களுக்காக ஒரு வீடு வருஷத்துல 182 நாள் பராமரிக்கப்பட்டு, அந்த வருஷத்துல நீங்க எவ்வளவு கொஞ்ச நாள் வந்து போயிருந்தாலும், நீங்க வசிப்பவர். தங்கச்சி கல்யாணத்துக்கு ஒரு வாரம் வந்தாலே போதும். காரைக்குடி வீடே சாட்சி.

101 நாள் வழக்கு

உச்ச நீதிமன்றம் தொடங்கின புதுசுல வந்த சுப்பையா செட்டியார் வழக்கை வரி வக்கீல்கள் இன்னிக்கும் மேற்கோள் காட்டுறாங்க. குடும்பத் தலைவர் மனைவி, மகனோட இலங்கையில வாழ்ந்தார். தொழிலும் சொத்தும் அங்கதான். 1942-43 வரி மதிப்பீட்டுக்கான வருஷத்துல அவர் பிரிட்டிஷ் இந்தியாவுல இருந்தது 101 நாள். 182-க்குப் பக்கத்துலகூட வரலை.

ஆனா அங்க கேள்வி நாள் கணக்கைப் பத்தினது இல்லை. கூட்டுக் குடும்பத்துக்கு விதி வேற. அதோட விவகாரங்களை நடத்துற கட்டுப்பாடும் நிர்வாகமும் முழுக்க வெளியில இருந்தாத்தான் அது வெளிநாட்டுவாசி. வந்த நாட்கள்ல குடும்ப நிலத்துக்கான வழக்கு, இங்கிருந்த கூட்டு நிறுவனங்களோட வரி விவகாரம்னு அவரே நேர்ல பார்த்திருந்தார். நிர்வாகம் முழுக்க இலங்கையிலதான் நடந்ததுன்னு அவரால நிரூபிக்க முடியலை. தோத்தார்.

இந்தக் "கட்டுப்பாடு எங்க இருக்கு"ங்குற கேள்வியை ஞாபகம் வெச்சுக்கோங்க, மறுபடி வரும்.

வீடு வெளியே போச்சு, சொந்தத் தொழில் உள்ளே வந்துச்சு

1961 சட்டமும் வீட்டு விதியை விடலை. வீடும் இருந்து, 30 நாள் தங்கினா வசிப்பவர்னு மாத்திச்சு. அதுக்கப்புறம் வளைகுடா அலை. லட்சக்கணக்கானவங்க குடும்பத்தை ஊர்ல விட்டுட்டுப் போனாங்க. லீவுக்கு ஒரு மாசம் வந்தா வளைகுடாச் சம்பளத்துக்கும் வரியான்னு பிரச்சினை. 1982 நிதிச் சட்டம் வீட்டு விதியையே தூக்கிடுச்சு. அன்னிலேர்ந்து இந்தியாவுல உங்க பேர்ல வீடு இருக்குறது மட்டும் உங்களை இந்தியாவாசி ஆக்காது. ஜெர்மனியில அப்படி இல்லை. அங்க நீங்க வெச்சுப் புழங்குற வீடு ஒண்ணு இருந்தாலே வரிக்கு உள்ளூர்வாசி ஆகலாம்.

சொந்தத் தொழிலுக்குப் போறவங்களுக்கு முக்கியமான இடம் இதுதான். பொதுவா 60 நாள் இங்க இருந்து, முந்தின நாலு வருஷத்துல 365 நாள் இருந்திருந்தாலே நீங்க வசிப்பவர். "வேலை நிமித்தமா" நாட்டை விட்டுப் போற இந்தியக் குடிமகனுக்கு மட்டும் அந்த 60 நாள் 182 ஆகுது. சரி, ஃப்ரீலான்ஸ் "வேலை"யா? மத்திய நேரடி வரிகள் வாரியத்தோட 1982 சுற்றறிக்கை, எண் 346, இந்தச் சலுகையை விளக்கும்போது வேற தொழில்கள்ல ஈடுபட்டவங்களையும் சேர்த்தே பேசுச்சு. பிற்பாடு கேரள உயர் நீதிமன்றம் ஒரு வியாபாரி வழக்குல தெளிவாவே சொல்லிடுச்சு: சொந்தத் தொழிலும் இதுல அடங்கும். சுற்றுலா, சிகிச்சை, படிப்புக்குப் போறது அடங்காது.

நடைமுறையில இதோட அர்த்தம்: நிதியாண்டு ஏப்ரல் 1 தொடங்குது. கிளம்புற நாளையும் சேர்த்து எண்ணினா செப்டம்பர் 28-க்குள்ள போனா 181 நாள். அக்டோபர்ல போனா அந்த வருஷம் முழுக்க நீங்க இந்தியாவாசி. மார்ச் வரைக்கும் அங்க சம்பாதிச்சதும் இங்க கணக்குல வரும். தொழில் தொடங்கத்தான் போனீங்கன்னு காட்ட விசா, பதிவு, ஒப்பந்தம் எல்லாம் கையில இருக்கணும்.

நோக்கியா ஏன் இந்தக் கதையில வருது?

இதுவரை ஆள் எங்க இருக்கார்னு பார்த்தோம். பணம் எங்கிருந்து வருதுங்குறது தனிக் கேள்வி. அதுக்கு நம்ம ஊர் உதாரணம் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா.

2006-ல உற்பத்தி தொடங்கின ஆலை. ஃபோன்ல போடுற மென்பொருளுக்காக இந்திய நோக்கியா ஃபின்லாந்து தாய் நிறுவனத்துக்குப் பணம் அனுப்பிச்சு. அது ராயல்டி, அனுப்பும்போதே வரி பிடிச்சிருக்கணும்னு வரித்துறை 2013-ல 2,000 கோடி ரூபாய்க்கு மேல கேட்டது. சொத்துக்கள் முடக்கப்பட்டதால, 2014-ல மைக்ரோசாஃப்ட் நோக்கியாவோட ஃபோன் தொழிலை வாங்கினப்ப இந்த ஆலை மட்டும் கைமாறலை. அந்த வருஷம் நவம்பர் 1-ல உற்பத்தி நின்னுச்சு. ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை போச்சு. 2018-ல ரெண்டு நாடுகளும் பேசி, 202 மில்லியன் யூரோவுல தகராறு தீர்ந்துச்சு. 2021-ல வேற வழக்குகள்ல உச்ச நீதிமன்றம், இப்படி மென்பொருள் வாங்கக் கொடுக்குற பணம் ராயல்டி இல்லைன்னு சொல்லிச்சு. வேலை இழந்தவங்களுக்கு அது ரொம்ப லேட்.

அந்த வரிப் பிடித்த விதி 1961 சட்டத்தோட பிரிவு 195. நீங்க ஸ்டுட்கார்ட்ல உக்காந்து, பழைய ஒரகடம் கம்பெனிக்கே டிசைன் செஞ்சு இன்வாய்ஸ் அனுப்பினா, அவங்க அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மென்ட் பார்க்குறதும் அதே விதியைத்தான். வேலையை எங்க உக்காந்து செஞ்சீங்கங்குறது முடிவு பண்ணாது. 2010 திருத்தத்துக்கு அப்புறம், தொழில்நுட்பச் சேவையைப் பயன்படுத்துறவர் இங்க இருந்தாலே போதும். 2023-லேர்ந்து அடிப்படை விகிதம் 20 சதவீதம். அந்த நாட்டோட இருக்குற இரட்டை வரி ஒப்பந்தம் இதைக் குறைக்கலாம். அதுக்கு அங்கத்த வரித்துறை தர்ற வசிப்புச் சான்றிதழ் வேணும்.

செட்டியார் கேள்வி திரும்பி வருது

துபாய் போறவங்களுக்கு 2020 திருத்தம் முக்கியம். எந்த நாட்டுலயும் வரிக்கு உட்படாத இந்தியக் குடிமகன், வெளிநாட்டு வருமானம் நீங்கலா 15 லட்சத்துக்கு மேல சம்பாதிச்சா, ஒரு நாள்கூட இங்க இல்லாட்டியும் வசிப்பவராக் கருதப்படுவார். அதுக்காக வெளிநாட்டு வருமானம் எல்லாத்துக்கும் வரி இல்லை. ஆனா இந்தியாவிலிருந்து கட்டுப்படுத்தப்படுற தொழிலோட வருமானத்துக்கு வரி உண்டு.

சம்பளக்காரருக்கு இது பெரிய கவலை இல்லை. சொந்தத் தொழில்ல முடிவெடுக்குற ஆள் நீங்கதான். லைசென்ஸ் துபாயில, ஆனா விலை பேசுறது, ஒப்பந்தம் முடிக்குறது எல்லாம் ஸ்ரீபெரும்புதூர் வீட்டு மாடியிலேர்ந்துன்னா, கொழும்புக்காரர்கிட்ட கேட்ட கேள்வியை உங்ககிட்டயும் கேப்பாங்க.

2026 ஏப்ரல் 1 முதல் 2025-ம் வருஷப் புதுச் சட்டம், பிரிவு எண்கள் மாறுது. கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு ஆடிட்டரைப் பாருங்க. "எத்தனை நாள்?" மட்டும் கேக்காதீங்க. பணம் எங்கிருந்து வருது, முடிவு எங்க எடுக்குறேன்னும் சொல்லிக் கேளுங்க.

வெளிநாடு கிளம்புற நண்பர் யாராவது இருந்தா, டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி இந்த எபிசோடை அனுப்பிடுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.