ஒரு குழம்பு கூறும் சரித்திரம்

1764 ஆம் ஆண்டில், மிசிசிப்பி நதிக்கரையிலுள்ள நியூ ஒர்லியன்ஸ் நகரத்தில், ஓர் அடிமைப் பெண் அதிகாரிகள் முன் விசாரணைக்காக நிறுத்தப்பட்டாள். அவள் பெயர் கோம்பா. வயது ஐம்பது அளவில் இருக்கும். வேறு சில அடிமைகளுடன் சேர்ந்து அவளும் களவில் ஈடுபட்டாள் என்பது ஐயம். பல வினாக்களுக்கிடையே ஒரு வினா எழுந்தது. லூயி என்னும் அடிமைக்கு அவள் 'கோம்போ' கொடுத்தாளா? கொடுத்ததாக அவள் ஒப்புக்கொண்டாள். விசாரணையை எழுதியவர் அந்த வினாவையும் விடையையும் பிரெஞ்சு மொழியில் அவ்வாறே பதிந்து வைத்தார்.

அந்த ஏட்டை எழுதியவருக்கு அது களவு பற்றிய ஒரு குறிப்பு மாத்திரமே. ஆனால் அமெரிக்காவின் உணவு வரலாற்றை ஆராய்வோருக்கு அது பெறுதற்கரிய சான்று. கம்போ என்று இன்று வழங்கும் குழம்பின் பெயர் அந்நாட்டில் எழுத்திற் காணப்படும் மிகப் பழைய இடங்களுள் அதுவும் ஒன்று. அரண்மனை விருந்திலோ சமையல் நூலிலோ அப்பெயர் முதலில் வரவில்லை. குற்றஞ்சாட்டப்பட்ட ஓர் அடிமைப் பெண்ணின் வாயிலிருந்து வந்தது.

இன்று லூயிசியானா மாநிலத்துக்குச் செல்லும் பிரயாணி எவரும் இக்குழம்பை உண்ணாமல் திரும்புவதில்லை. 2004 ஆம் ஆண்டில் அம்மாநிலச் சட்டசபை இதனைத் தன் மாநிலத்தின் உரிமை உணவாக அறிவித்தது. நகரத்துப் பெரிய உணவுச்சாலைகளிலும், சதுப்பு நிலங்களை அடுத்த சிற்றூர் வீடுகளிலும் இது ஒருங்கே காணப்படும். ஆழமான கிண்ணத்திலே கரும் பழுப்பு நிறக் குழம்பு. அதன் நடுவே ஒரு சிறு குவியலாக வெண்சோறு. குழம்பிலே இறாலும் நண்டும் சிப்பியும் இருக்கலாம். அல்லது கோழியும், குடலில் அடைத்துப் புகையூட்டிய பன்றி இறைச்சியும் இருக்கலாம். வெங்காயம், செலரி, குடைமிளகாய் என்னும் மூன்றும் வதங்கிச் சேர்ந்திருக்கும். உண்பவன் அதன் சுவையை எளிதில் அறிவான். ஆனால் அது எவருடைய உணவு என்ற வினாவுக்கு விடை காண்பது அத்துணை எளிதன்று.

நெடுங்காலம் அந்த வினாவுக்கு ஒரே விடை கூறப்பட்டு வந்தது. பிரெஞ்சுக்காரரின் சமையற் கலை புதிய நாட்டிலே புதிய உருவம் பெற்றது என்பதே அது. அவ்விடையை ஏற்குமுன் கிண்ணத்திலுள்ள பொருள்களை ஒவ்வொன்றாக நோக்குதல் வேண்டும்.

முதலாவது, பெயர். கம்போ என்பது பிரெஞ்சுச் சொல்லன்று. மத்திய ஆபிரிக்காவின் பாந்து மொழிகளிலே வெண்டிக்காய்க்கு 'கிங்கோம்போ' என்பது போன்ற பெயர்கள் வழங்குகின்றன. அச்சொல் கடலைக் கடந்து அமெரிக்கக் கண்டத்தை அடைந்தது. இன்றும் பிரெஞ்சு மொழியில் வெண்டிக்காயின் பெயர் கோம்போ என்பதேயாகும். தமிழர் சமையலறைக்கு மிகப் பழகிய அக்காய் அமெரிக்காவுக்கு உரியதன்று. அடிமை வாணிகம் நடந்த காலத்தில் ஆபிரிக்காவிலிருந்து அங்கே சென்றது. சமைப்போர் பலர் வெறுக்கும் அதன் வழுவழுப்பையே மேற்கு ஆபிரிக்கப் பெண்கள் குழம்பைத் தடிப்பாக்கப் பயன்படுத்தினர். அவ்வழக்கம் அவர்களுடன் சேர்ந்தே சென்றது.

இரண்டாவது, சோறு. நியூ ஒர்லியன்ஸ் நகரம் 1718 ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரரால் நிறுவப்பட்டது. நிலமோ தாழ்ந்த நிலம், நீர் தேங்குவது, கோதுமைக்கு ஏலாதது. மறு ஆண்டிலேயே, 1719 இல், ஆபிரிக்கரை ஏற்றிய முதற் கப்பல்கள் லூயிசியானாவை அடைந்தன. அக்கப்பல்களின் தலைவர்களுக்குக் கொடுக்கப்பட்ட கட்டளைகளுள் ஒன்று நோக்கத்தக்கது. நெல் விளைவிக்கத் தெரிந்த சிலரை வாங்கி வரவேண்டும். விதைப்பதற்கு நெல்லையும் பீப்பாய்களில் கொண்டு வரவேண்டும் என்பதே அக்கட்டளை. பின்வந்த பன்னிரண்டு ஆண்டுகளுள் ஏறக்குறைய 6,000 பேர் இவ்வாறு கொண்டுவரப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் செனெகல், காம்பியா என்னும் நதிகள் பாயும் நிலத்தைச் சேர்ந்தவர். ஆற்றுப் பள்ளங்களிலே வரம்பு கட்டி நீரை நிறுத்தி நெல் விளைவிப்பது அந்நாட்டவர் தலைமுறை தலைமுறையாக அறிந்த தொழில்.

ஆகவே ஆபிரிக்கர் உடல் வலிமைக்காக மாத்திரம் வாங்கப்பட்டனர் என்பது முழு உண்மையன்று. அவர்களுடைய அறிவும் வாங்கப்பட்டது. அவ்வறிவுக்கு விலையும் கொடுக்கப்படவில்லை, பெயரும் வழங்கப்படவில்லை. ஆனால் அது விளைந்த இடத்தைக் கம்போவின் நடுவிலுள்ள வெண்சோறு இன்றும் காட்டி நிற்கின்றது.

மூன்றாவது, இலைப்பொடி. வெண்டிக்காய் கோடையிலே விளைவது. குளிர்காலத்தில் அது கிடைப்பதில்லை. அக்காலத்தில் குழம்பைத் தடிப்பாக்கச் சாசபிராஸ் என்னும் மரத்தின் இலையை உலர்த்தி இடித்த பச்சைப்பொடி உதவியது. அதனைப் 'பிலே' என்பர். இது அந்நிலத்தின் ஆதிக்குடிகளாகிய சொக்டோ மக்களின் பொருள். அவர்கள் மொழியில் இப்பொடியின் பெயரும் கோம்போ என்ற ஒலியையே ஒத்திருப்பதால், குழம்பின் பெயர் அங்கிருந்து வந்தது என்று கூறுவோரும் உளர். ஆபிரிக்க மூலத்தையே அறிஞருட் பெரும்பாலோர் ஏற்பர். ஆயினும் ஒரு பெயருக்கு இரண்டு சமூகங்கள் உரிமை கூறுவதும், அவ்விரண்டும் நிலமும் உரிமையும் இழந்த சமூகங்களாயிருப்பதும் சிந்திக்கத்தக்கன.

1830 ஆம் ஆண்டில் செய்யப்பட்ட ஓர் உடன்படிக்கையினால் சொக்டோ மக்கள் தம் நிலத்தின் பெரும்பகுதியை இழந்தனர். 1831 முதல் ஆயிரக்கணக்கானோர் மேற்கே வெகுதூரத்துக்குச் செல்ல நேர்ந்தது. குளிராலும் பசியாலும் நோயாலும் வழியிலே மாண்டோர் பலர். எனினும் பொன்சார்ட்ரேன் ஏரிக்கு வடக்கேயுள்ள காடுகளில் ஒரு சிறு கூட்டத்தினர் தங்கிவிட்டனர். அக்கூட்டத்துப் பெண்கள் இலைப்பொடியைக் கூடைகளிற் கொண்டுவந்து நியூ ஒர்லியன்ஸ் நகரத்துப் பிரெஞ்சுச் சந்தையில் நெடுங்காலம் விற்றனர். அந்நிலத்துக்கு உரியவர் என்று அவர்களை ஏற்க மறுத்த நகரத்தின் உணவுக்கு, அவர்கள் கொண்டுவந்த பொடி இன்றியமையாததாயிற்று.

நான்காவதாகவே பிரெஞ்சுக்காரரின் பங்கு வருகின்றது. கொழுப்பிலே கோதுமை மாவை வறுத்துக் குழம்புக்கு அடித்தளம் ஆக்குவது அவர் முறை. அதற்கு 'ரூ' என்று பெயர். பிரான்சிலே அதனைப் பெரும்பாலும் வெளிறிய நிறத்தில் இறக்கிவிடுவர். லூயிசியானாவிலோ அது கரும் பழுப்பாகும் வரை கிளறிக்கொண்டே நிற்பர். ஒரு கணம் கவனம் தவறினாலும் மாவு கருகிவிடும். கருகினால் முழுவதையும் கொட்டிவிட்டு மீண்டும் தொடங்க வேண்டியதே.

அங்கு வந்த பிரெஞ்சு மொழியாளர் யாவரும் ஆளவந்தவர் அல்லர். கனடாவின் கீழைக்கரையில் அக்கேடியா என்னும் பகுதியில் வாழ்ந்த பிரெஞ்சுக் குடியானவரை 1755 ஆம் ஆண்டு முதலாக ஆங்கிலேயர் நாடு கடத்தினர். குடும்பங்கள் பிரிந்தன, கிராமங்கள் எரிந்தன. அலைந்து திரிந்தவருட் பலர் 1764 ஆம் ஆண்டிலிருந்து லூயிசியானாவை அடையலாயினர். 1785 இல் மாத்திரம் ஏழு கப்பல்களில் 1,600 பேரளவில் வந்து சேர்ந்தனர். அக்கேடியர் என்ற பெயர் மருவிக் 'கேஜன்' ஆயிற்று. சதுப்பு நிலத்து மீனும் நண்டும் வேட்டைப் பறவையும் அவர்கள் கம்போவில் இடம்பெற்றன. அதன்பின், எயிற்றி என இன்று வழங்கும் தீவில் அடிமைகள் எழுச்சியுற்று 1804 இல் விடுதலை பெற்றனர். அங்கிருந்து கியூபா சென்று தங்கியவர்களில் ஏறக்குறைய 9,000 பேர் 1809 ஆம் ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் நியூ ஒர்லியன்ஸ் வந்தனர். அவருள் வெள்ளையரும் இருந்தனர், சுதந்திரம் பெற்ற கறுப்பரும் இருந்தனர், அடிமைகளும் இருந்தனர். இங்ஙனம், புயலுக்கு ஒதுங்கியவர் ஒரு கூரையின் கீழ் நிற்பதுபோல, பல திசையினின்றும் வந்தவரின் கைவழக்கங்கள் ஒரு பானையிலே கூடின.

அப்பானையின் அருகில் நின்று கிளறியவர் யார்? பெரும்பாலான செல்வர் வீடுகளில் அடிமைப் பெண்களே. ஆனால் குழம்பு ஏட்டில் ஏறியபோது வேறு கைகளே எழுதின. 1824 இல் மேரி ராண்டொல்ப் என்னும் சீமாட்டி வெளியிட்ட சமையல் நூலில், கம்போ மேற்கிந்தியத் தீவுகளின் உணவு என்று குறிக்கப்பட்டது. 1885 இல் லவ்காடியோ ஹேர்ன் என்னும் எழுத்தாளர் நியூ ஒர்லியன்ஸ் சமையலைத் தொகுத்து வெளியிட்டார். 1900 ஆம் ஆண்டில் அந்நகரத்துப் பத்திரிகையாகிய 'பிக்கயூன்' ஒரு பெரிய சமையல் நூலை வெளியிட்டது. பழைய கறுப்புச் சமையற்காரிகள் மறைந்து வருகின்றனரே என அதன் முகவுரை வருந்தியது. ஆயினும் அவர்களை வழிநடத்திப் பழக்கியவர் வெள்ளை எசமானிகளே என்றும் அதே முகவுரை கூறிற்று. வருத்தம் உண்மையானதே. ஆனால் கற்பித்தவர் யார், கற்றவர் யார் என்பது அங்கே தலைகீழாயிற்று.

இதற்கு மாறாக ஒரு சிறு நூல் உண்டு. அபி பிஷர் என்பவர் தென்பகுதியில் அடிமைக் குலத்திற் பிறந்தவர். விடுதலைக்குப் பின் மேற்குக்கரையிலுள்ள சான் பிரான்சிஸ்கோ நகரத்துக்குக் குடியேறி, ஊறுகாய்களும் பழப்பாகுகளும் செய்து விற்றுப் பெயர் பெற்றார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் வாயாற் சொல்ல மற்றோர் எழுத, 1881 ஆம் ஆண்டில் அவருடைய சமையல் நூல் வெளிவந்தது. தமக்கு எழுத்தறிவில்லை என்பதை முகவுரையிலேயே அவர் மறையாது கூறினார். வெண்டிக்காய்க் கம்போவும் சிப்பிக் கம்போவும் அந்நூலில் இடம்பெற்றன. கோம்பாவின் சொல்லை எழுதியவர் அவளை விசாரித்தவரின் ஏவலர். அபி பிஷரின் சொல்லை எழுதியவரோ அவரிடம் கேட்டுக் கற்க விரும்பியவர். இவ்விரண்டு ஏடுகளுக்கும் இடையே 117 ஆண்டுகள் கழிந்திருந்தன.

சட்டத்தில் அடிமைமுறை ஒழிந்த பின்னும் மேசையில் அது ஒழியவில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையிலிருந்து உண்பதை லூயிசியானாவின் சட்டம் தடுத்தது. நியூ ஒர்லியன்ஸ் நகரத்து ஒர்லியன்ஸ் வீதியில் 1941 இல் 'டூக்கி சேஸ்' என்னும் உணவுச்சாலை தொடங்கப்பட்டது. அதன் சமையலறையைப் பின்னர் லியா சேஸ் என்னும் அம்மையார் பொறுப்பேற்றார். 1960 ஆம் ஆண்டை அடுத்த காலத்தில் சம உரிமைக்காகப் போராடிய கறுப்பரும் வெள்ளையரும் அவ்வுணவுச்சாலையின் மேல்மாடியில் ஒன்றாக அமர்ந்து ஆலோசித்தனர். சட்டத்துக்கு மாறாக அங்கே கூடியவர்களுக்கு அவர் கம்போவைப் பரிமாறினார். 2005 ஆம் ஆண்டில் கத்ரினா புயலின் வெள்ளம் அக்கட்டடத்துள் புகுந்தது. அப்போது அம்மையாருக்கு வயது எண்பத்திரண்டு. ஈராண்டுகளின் பின் உணவுச்சாலையை மீண்டும் திறந்தார். 2019 இல் தமது தொண்ணூற்றாறாம் வயதில் மறைந்தார்.

பெரிய வியாழக்கிழமையன்று அங்கே கீரைக் கம்போ சமைப்பது வழக்கம். பலவகைக் கீரைகளைச் சேர்ப்பர். அவற்றின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருத்தல் வேண்டும் என்பர். எத்தனை வகைக் கீரையோ அத்தனை புதிய நண்பர் அவ்வாண்டிற் கிடைப்பர் என்பது நம்பிக்கை.

பிரயாணி சில குறிப்புகளை அறிந்து செல்வது நன்று. நகரத்துக் கம்போவில் தக்காளியும் கடலுணவும் சேர்வதுண்டு. மேற்கே கேஜன் ஊர்களில் அது கறுத்து, நீர்த்து, தக்காளியின்றி இருக்கும். வெண்டிக்காய் இட்ட குழம்பைக் கோடையில் நாட வேண்டும். இலைப்பொடி மேசையில் வைக்கப்பட்டிருந்தால் அதனை உண்ணும்போது தூவிக்கொள்ளலாம். கொதிக்கும் குழம்பில் இட்டால் அது நூல் நூலாய்த் திரிந்துவிடும். ஒரு வீட்டுச் சமையல் மற்றொரு வீட்டுச் சமையலை ஒத்திராது. ஒவ்வொரு வீட்டாரும் தம் தாய் செய்ததே சரியான முறை என்று வாதிடுவர். அவ்வாதத்தில் பிரயாணி தலையிடாதிருப்பது அறிவுடைமை.

ஆனால் கிண்ணம் முன்னே வந்ததும் ஒன்றை நினைத்தல் தகும். கோம்பா தன் உணவை லூயிக்குக் கொடுத்தபோது அவளுக்கென்று சொந்தமான பொருள் ஒன்றுமில்லை. அவளுடைய உடலே பிறருக்கு உடைமை. ஆயினும் ஒரு பானையிலிருந்து எடுத்து மற்றொருவனுக்குக் கொடுக்க அவளால் முடிந்தது. கொடுத்தாயா என்று அதிகாரிகள் கேட்டபோது, ஆம் என்றாள். அவள் சமைத்த முறை எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை. அவள் சொன்ன அந்தப் பெயரைச் சொல்லியே இன்றும் லூயிசியானாவில் ஒவ்வொரு கிண்ணமும் பரிமாறப்படுகின்றது.