மிரர்லெஸ் கேமராவும் வெளி ரெக்கார்டரும்

வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் வைகாசித் தேரைப் பிரெஞ்சு ஆட்சியில் ஆளுநர் வடம் பிடித்துத் தொடங்கிவைத்தார். இன்று துணைநிலை ஆளுநர். இத்தகைய நீண்ட விழாவை இடைவிடாமல் பதிவு செய்ய மிரர்லெஸ் கேமரா தொடக்கத்தில் உதவவில்லை. 2008-இல் வந்த பானசோனிக் ஜி1 காணொளியே எடுக்காது. பின்வந்தவற்றில் பல 29 நிமிடம் 59 நொடியில் தாமாகவே நின்றுவிடும். சூடேறுவது மட்டும் காரணமன்று. அரை மணி பதிவு செய்யும் கருவியை ஐரோப்பிய ஒன்றியம் வீடியோ கேமராவாகக் கணக்கிட்டுச் சுங்க வரி விதித்ததே முக்கியக் காரணம். எங்கோ போட்ட வரி, இங்கே தேர் பாதி வீதியில் இருக்கும்போதே பதிவை நிறுத்தியது!

எச்.டி.எம்.ஐ. கம்பிவழிக் காட்சியைப் பெறும் வெளி ரெக்கார்டருக்கு இந்த வரம்பு இல்லை. 2014-இல் வெளியான சோனி ஏ7எஸ் கேமராவில் 4கே பதிய ரெக்கார்டர் கட்டாயம். அதே ஆண்டின் பானசோனிக் ஜிஎச்4, 4கே காட்சியை உள்ளே 8 பிட்டில் பதிந்து, வெளியே 10 பிட்டில் அனுப்பியது. 2015-இல் ஏ7எஸ் II உள்ளேயே 4கே பதிந்தது.