கடையில் வாங்கிய காந்தமும் கையால் வார்த்த காந்தமும்

என் பவளத் தொட்டி 30 லிட்டர் பிடிக்கும். சுவர் 6 மி.மீ. அக்ரிலிக். முன்பக்கத்தில் மணல்மட்டத்தில் தொடங்கி மேலேறும் பிறைபோல ஒரு கீறல். கடையில் வாங்கிய காந்தத் துடைப்பானை அவசரத்தில் மணல்வரை இறக்கி ஒரே இழுப்பாக இழுத்தேன். துணிக்கும் சுவருக்கும் நடுவில் ஒற்றை மணல் மாட்டியிருந்தது. அக்ரிலிக்கின் ஒளிவிலகல் எண் 1.49, தண்ணீருடையது 1.33. இரண்டும் அருகருகே இருப்பதால் தண்ணீருக்குள் கீறல் பாதி மறைந்துவிடும். தண்ணீர் மாற்றும் நாளில் மட்டம் இறங்கியதும் மேல்நுனி பல்லைக் காட்டும்.

அதற்குப் பிறகுதான் நானே ஒன்றைச் செய்து பார்க்கத் தோன்றியது.

கண்ணாடித் தொட்டி வைத்திருப்பவர் இழுவிசையைப் பார்த்து வாங்கலாம். மோஸ் அளவில் கண்ணாடி ஏறக்குறைய 5.5, பவளத் தொட்டிகளில் போடும் அரகோனைட் மணல் 3.5 முதல் 4. மணல் தோற்றுவிடும். அக்ரிலிக் அந்த மணலைவிட மென்மையானது. காந்தம் வலுவாக இருந்தால் மணல் ஆழமாக உழும், அவ்வளவுதான். சின்னத் தொட்டிக்குப் பெரிய காந்தம் வாங்குவது காசு கொடுத்துக் கலப்பை வாங்குவதுபோல.

கடைச் சரக்கில் மேக்-ஃப்ளோட் அக்ரிலிக்குக்கென்றே தனியாக ஒன்றை விற்கிறது. கை நழுவினால் உள்துண்டு மிதந்து மேலே வரும். ஃபிளிப்பர் நானோவில் ஒரு பக்கம் துடைக்கும் நார், மறுபக்கம் சுரண்டும் அலகு. அக்ரிலிக்குக்கு ஏபிஎஸ் பிளாஸ்டிக் அலகுதான். எஃகு அலகைத் தவறியும் மாட்டக் கூடாது. ஆனால் கடைச் சரக்கின் உண்மையான பலம் இவற்றில் இல்லை, காந்தத்தைச் சுற்றியிருக்கும் அடைப்பில் இருக்கிறது. அது எனக்குப் புரிந்தது என் முதல் தோல்வியில்.

15 மி.மீ. விட்டம், 3 மி.மீ. தடிமன் கொண்ட நியோடிமியம் வில்லை ஒன்றை எடுத்து எபாக்சி பூசிக் காய வைத்தேன். இரண்டே மாதத்தில் அதன் ஓரத்தில் பழுப்புக் கோடு. காயும்போது வில்லை தரையைத் தொட்ட இடத்தில் பூச்சு மெலிந்து, உப்புநீர் புகுந்துவிட்டது. நியோடிமியம் காந்தத்தின் பளபளப்பு பெரும்பாலும் நிக்கல், செம்பு, நிக்கல் என்று மூன்று அடுக்காகப் பூசியது. செம்பு இறாலுக்கும் நத்தைக்கும் நஞ்சு. அன்றே தூக்கி எறிந்தேன்.

அடுத்ததைப் பூசவில்லை, வார்த்தேன். மருந்துப் பாட்டில் மூடிக்குள் கொஞ்சம் எபாக்சி ஊற்றி இறுகவிட்டு, மேலே வில்லையை வைத்து மறுபடி ஊற்றி மூழ்கடித்தேன். சுவரைத் தொடும் பக்கத்தில் வெல்க்ரோவின் மெத்தென்ற பாதி. பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் ஆகாது, அதில் அலுமினியம் ஆக்சைடு துகள் உண்டு. முதுகில் நீர் உறிஞ்சாத நுரை: 4 கிராம் வில்லையைத் தூக்க 5 கன செ.மீ. போதுமானதாக இருந்தது.

மிதக்கிறது, மூலையில் நுழைகிறது. இடையில் எபாக்சியும் வெல்க்ரோவும் சேர்ந்து இடைவெளி கூடிவிட்டதால் இழுவை குறைவு. தினமும் துடைக்கும் மெல்லிய பாசிக்கு அது தாராளம். ஆனால் ஒவ்வொரு முறையும் வெளியே எடுத்து ஓரம் ஓரமாகப் பழுப்பு தேட வேண்டியிருக்கிறது. இறால் இருக்கும் தொட்டியில் அந்தப் பதற்றம் எனக்கு ஒத்துவரவில்லை. நனையும் பாதிக்குக் கடைச் சரக்குதான்.

வெளிப்பாதி வேறு கதை. அது நனையாது, துரு பயமில்லை. கடையில் வந்த வெளித்துண்டு என் சுவருக்கு அதிக முரடு. அதை ஒதுக்கிவிட்டு, துருவம் பார்த்து இரண்டு வில்லைகளை அடுக்கி ஃபெல்ட் துணியில் பொதிந்துகொண்டேன். இழுவை போதவில்லையா, மூன்றாவதைச் சேர்க்கலாம்; மிஞ்சினால் எடுத்துவிடலாம். அந்த வசதி எந்தக் கடைப்பெட்டியிலும் வராது. அக்ரிலிக் தூசியை இழுத்துவைத்துக்கொள்ளும், ஆகையால் வெளிச்சுவரையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

கோரலைன் என்னும் ஊதாச் சுண்ணாம்புப் பாசி இறுகிவிட்டால் இரண்டுமே கையை விரிக்கும். அதற்கும், மணலுக்கு மேல் இரண்டு விரல் அகலத்துக்கும் காலாவதியான ஏடிஎம் அட்டைதான். உள்துண்டைத் தொட்டியிலேயே விட்டுவைப்பதையும் நிறுத்திவிட்டேன். ஒருமுறை பத்து நாள் விட்டதில், துணியின் ஓரத்தில் குண்டூசித் தலை அளவில் வெள்ளைச் சுருள்கள், குழாய்ப்புழுக்கள் கட்டிய சுண்ணாம்பு வீடுகள். நகத்தால் தடவினால் உப்புத்தாள் மாதிரி இருந்தது.